அமோனியாவைத் துரத்திப் பிடித்த மதினி

என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் நாவலப்பிட்டி ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது மாப்பிள்ளையின் தலையில் தொப்பி இல்லை. கூட்டத்தில் அவருடைய அக்காவும் இல்லை. கம்பளை தாண்டி ரயில் வளைகிற இடத்தில், வேடிக்கை பார்க்கத் தலையை நீட்டிய மாப்பிள்ளையின் புத்தம் புதிய துருக்கித் தொப்பியைக் காற்று அடித்துக்கொண்டு போயிருக்கிறது. "போனா போகட்டும், வேற ஒண்டு வாங்குவம்" என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஸ்டேஷனில் ரயில் நின்றதும் அக்காக்காரி முக்காட்டை இறுக்கிக்கொண்டு இறங்கி, தண்டவாளத்தோடு வந்த வழியே நடக்கத் தொடங்கிவிட்டாராம்.

இங்கே நிக்காஹ் ஓதி வைக்க லெப்பை காத்திருக்கிறார். சோறு ஆறுகிறது. வாப்பா வாசலுக்கும் குசினிக்குமாக நடக்கிறார். மருதாணிக் கையோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்த எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தொப்பிக்காக ஒரு நிக்காஹ் நிற்குமா? நண்பகல் லுஹர் தொழுகையும் முடிந்த பிறகு தோட்டத்து மாட்டு வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. ஒரு கையில் தொப்பி, மறு கையில் யாருடையதோ ஒரு குடை. நேரே என் அறைக்குள் வந்து, முன்பின் பார்த்திராத என்னிடம் அவர் சொன்ன முதல் பேச்சு இதுதான்:

"பாத்தியா புள்ள? போகல்ல. தேயிலச் செடியில உக்காந்து ஈந்திச்சு."

அந்தக் குடை? தண்டவாளத்தோரம் கிடந்ததாம். அதன் சொந்தக்காரரையும் மறு மாதத்துக்குள் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்.

என் மதினி அவர். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் உறவுமுறை சொல்லிக்கொண்டு அக்குறணையிலிருந்து பாதிப் பேர் என் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அத்தனை பேருக்கும் தேத்தண்ணி ஊற்ற எனக்கு ஏலாது.

அந்த வீட்டில் "போனா போகட்டும்" என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. "போன சாமான் எங்கயாவது ஈக்கத்தான் வேணும். இல்லாமப் போக ஏலா" என்பார் மதினி. ஊசி தொலைந்தால் வீட்டையே பெருக்கிச் சலித்துப் பார்ப்பார். பக்கத்து வளவுக்குப் பறந்த கோழியை வேலியைப் பிரித்துக்கொண்டு போய்ப் பிடித்து வருவார். கோபித்துக்கொண்டு போன ஒரு சம்பந்தியை மாத்தளை வரைக்கும் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். வந்து சேர்வதற்குள் அந்த மனுஷருக்கு எதற்குக் கோபித்தோம் என்பதே மறந்துவிட்டது. நல்ல குணந்தான், ஆனால் கூட இருப்பவர்களுக்கு உயிர் போகும். அறுந்துபோன என் பழைய செருப்பை ஒருநாள் நான் ஓடையில் வீசினேன். மறுநாள் அது கழுவித் துடைத்து என் கட்டிலுக்குக் கீழே இருந்தது. இந்த மனுஷியிடமிருந்து ஒரு செருப்பைக்கூடத் தொலைக்க முடியாதா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இவருடைய கையிலிருந்து நழுவிப்போய்த் திரும்பாதது ஒன்றே ஒன்றுதான். நான் மருமகளாக வருவதற்கு முன்பே, ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அவருடைய கணவர் மௌத்தாகிவிட்டார்.

அவர் விட்டுப்போனது ஓர் ஐஸ் ஆலை. கட்டுகஸ்தோட்டைக்கும் அக்குறணைக்கும் நடுவே, மாத்தளைப் பாதையோரம், வீட்டோடு ஒட்டினாற்போல் இருந்தது. கண்டிச் சந்தை மீன்காரர்களுக்கும் சர்பத் கடைகளுக்கும் துரைமாரின் கிளப்புக்கும் அங்கிருந்துதான் மரத்தூளில் புதைத்துச் சாக்குச் சுற்றிய ஐஸ் கட்டிகள் போகும். "பொம்புள எப்பிடி பெக்டரி நடத்துறது? வித்துப்போடு" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. மதினி விற்கவில்லை. என் கணவர், அவருடைய தம்பி, வெளிவேலை பார்த்தார். மதினி வீட்டுக்கும் ஆலைக்கும் நடுவிலிருந்த கதவில் ஒரு திரையைக் கட்டிக்கொண்டு, அதற்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்து அதிகாரம் பண்ணினார். கோபம் வந்தால் திரை எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது.

ஐஸை உறைய வைப்பது அமோனியா என்கிற கேஸ். எஞ்சின் அதை அமுக்கி அமுக்கி இரும்புக் குழாய்களுக்குள் சுற்ற விடும். அது போகிற குழாய்கள் ஒரு பெரிய தொட்டிக்குள் இருக்கும். தொட்டி நிறையக் கல்சிய உப்புக் கரைத்த தண்ணீர். எவ்வளவு குளிர்ந்தாலும் அந்த உப்புத்தண்ணீர் உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரங்களை இறக்கி வைத்தால் ஐஸ். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்த அமோனியா இருக்கிறதே, அல்லாஹ்வே! ஒரு மூட்டு கொஞ்சம் தளர்ந்தால் போதும், கண்ணில் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். மூச்சு அடைக்கும்.

ஊருக்கு அது நாற்றம். மதினிக்கு அது வேறு. அந்தக் கேஸைக் கொழும்பிலிருந்து இரும்புச் சிலிண்டரில் கூடவே உட்கார்ந்து கொண்டுவந்து, முதன்முதலில் குழாய்க்குள் ஏற்றியவர் அவருடைய கணவர். கசிந்துபோனதற்கு ஈடாக இடையிடையே புதிதும் சேர்த்திருக்கிறார்கள்தான். அதை மதினியிடம் சொல்லிப் பாருங்கள். "ஒற மோர் பழசுதானே? பால் புதுசா ஊத்தினா அது வேற தயிரா?" என்று வாயை அடைத்துவிடுவார். எங்காவது கசிகிற வாடை வந்தால் அவர் முகம் வாடிப்போகும். கணவர் கொஞ்சங் கொஞ்சமாக வெளியே போகிறார் என்றே நினைத்தார். வாய் விட்டுச் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தைரியமில்லை.

எங்கள் பக்கத்தில் மழைக்காலம் வந்தால் அலுமாரிக்குள் துணிகளோடு ஒரு துண்டுக் கரி வைப்போம். பூஞ்சண வாடையைக் கரி தின்றுவிடும். மதினி அந்த வழக்கத்தை ஆலைக்குக் கொண்டுபோனார். சிரட்டைக் கரியைக் கூடை கூடையாகக் குழாய் மூட்டுகளுக்குக் கீழே தொங்கவிட்டார். எஞ்சின் பார்த்த யாழ்ப்பாணத்துச் சின்னத்துரையர் சிரித்தார்.

"யானைப் பசிக்குச் சோளப்பொரி போடுறியள் அம்மா."

"பொரியயும் தின்னட்டுமே. நீங்க ஒங்கட வேலயப் பாருங்க" என்றது திரை.

சின்னத்துரையர் சொன்னதுதான் சரி. கரி கொஞ்சம் தின்றது, மீதியைத் தின்னவில்லை. ஆலைக்குக் கீழ்க்காற்றில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஒருநாள் மூட்டு ஒன்று பிடுங்கிக்கொண்டு, பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதபடி பாதைக்கு ஓடி வந்தார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனுஷர், சிங்களவர், சந்தைத் தமிழ் பேசுவார். சத்தம் போடவில்லை.

"அம்மா, எனக்கு இத மூட விருப்பம் இல்ல. ஆனா சின்னப் புள்ளைங்க. இன்னொரு தரம் அழுதுகிட்டு ஓடினா நான் சீல் வைக்கத்தான் வேணும்."

மதினிக்கும் அது தெரியும். பிள்ளைகள் அழுதது உண்மை.

இதற்கு மேல் இன்னொரு இடி இறங்கியது. கேஸை அமுக்குகிற இயந்திரம் உள்ளே தேய்ந்துவிட்டது, திறந்து பழுது பார்க்காமல் இனி ஓடாது என்றார் சின்னத்துரையர். திறப்பதென்றால் முதலில் உள்ளேயிருக்கிற கேஸ் முழுவதையும் வெளியே விட வேண்டும். மற்ற இடங்களில் குழாய் போட்டுத் தண்ணீருக்குள் விடுவார்கள். தண்ணீர் குடிக்கும்தான், குடித்துச் சூடேறிப் பாதியைத் திரும்பக் கக்கும். மிச்சத் தண்ணீரை எங்கே கொட்டுவது? முன்பு ஒருதரம் ஓடையில் கொட்டி, மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஆக, விட்டால் ஊர் நாறும், ஆலைக்குச் சீல் விழும். விடாவிட்டால் இயந்திரம் நின்றுபோகும்.

"ராத்தா, ஒண்டும் செய்ய ஏலா. வித்துப்போடுவம்" என்றார் என் கணவர் தன் அக்காவிடம், மெதுவாக.

"வித்தா அவர் கொண்டாந்த கேஸ என்ன செய்வாங்க?"

"வெளிய உட்டுப்போடுவாங்க. வேறென்ன?"

மதினி எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

இந்த நிலையில்தான் நோன்பு வந்தது. எங்கள் வீட்டில் எதையும் வீசுகிற வழக்கம் இல்லை என்று சொன்னேன் அல்லவா? ஆலையில் வாடை தின்று ஓய்ந்த கரிக் கூடைகள் எல்லாம் கடைசியில் குசினி அடுப்புக்கு வரும். வேறு யாராவது அப்படிச் செய்வார்களா, சொல்லுங்கள்! மற்ற நாளில் அடுப்பில் ஏறும்போது கொஞ்சம் மூக்கைச் சுளிக்க வைக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு நோன்பு திறக்க அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வந்து விறாந்தையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கஞ்சிப் பானைக்குக் கீழே நான் புதிதாக ஒரு கூடைக் கரியைத் தட்டினேன்.

தட்டினேனோ இல்லையோ, அடுப்பிலிருந்து கிளம்பியது பாருங்கள்! கண் திறக்க முடியவில்லை. விறாந்தையில் இருந்தவர்கள் பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடியே பாதைக்கு ஓடினார்கள். நானும் இருமிக்கொண்டு ஓடினேன். எல்லோரும் வெளியே ஓட, ஒரே ஓர் ஆள் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியது. யாரென்று சொல்லத் தேவையில்லை. அடுப்பிலிருந்து அந்தக் கரியை வாளித் தண்ணீரில் கொட்டிவிட்டு, கண்ணீரும் மூக்குமாக வாசலில் வந்து நின்று சிரித்தார்.

"போனதெல்லாம் இதுக்குள்ளதான் ஈந்திரிக்கி, புள்ள! போகவே இல்ல!"

கஞ்சி பாழ். அன்றைக்கு எல்லோரும் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தோம். மதினிக்கு அது தெரியவே இல்லை. "மத்தக் கரியில இல்லாதது இந்தக் கரியில என்ன?" என்று தொழுகைப் பாயிலிருந்து எழுந்ததும் ஆலைக்குள் போய்விட்டார். திரை அன்றைக்குக் கழன்றதுதான். பிறகு யாரும் அதைக் கட்டவில்லை.

அந்தக் கூடை தொங்கிய இடம் உப்புத்தண்ணீர்த் தொட்டியின் ஓரம். தகரம் தூக்கும்போது உப்புத்தண்ணீர் தெறித்துத் தெறித்துக் கரி ஊறிப்போயிருக்கிறது. ஈரமாய்க் கிடக்கிறதே என்று யாரோ அதை எஞ்சினின் சூடான புகைக்குழாய் மேல் வைத்து மொறுமொறுவென்று காய வைத்து, மறுபடி அதே இடத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். விஷயம் அவ்வளவுதான். சின்னத்துரையர் தாடையைத் தடவினார்.

"ஓம், அந்த உப்புக்கு அமோனியாவெண்டால் உயிர்தான். ஆனால் சும்மா உப்பைப் போட்டால் குடிச்சு ஊதிக் கட்டியாப் போயிடும். உள்ளுக்குப் போக வழியிராது. கரியின்ர ஓட்டையளுக்குள்ள பரவி நிண்டதாலதான் இவ்வளவு குடிச்சிருக்கு."

"அப்ப எவ்வளவு உப்பு, எந்தக் கரி?" என்றார் மதினி.

"அதுதானே தெரியாது, அம்மா."

அதற்குப் பிறகு எங்கள் வீடு வீடாக இருக்கவில்லை. பலா விறகுக் கரி கைப்பட்டதும் பொடியாயிற்று. செங்கல் துண்டு கொஞ்சமும் குடிக்கவில்லை. சிரட்டைக் கரிதான் நின்றது. அதையும் வாய் மூடிய பானைக்குள் வைத்துச் சுட்டால் இன்னும் நன்றாகக் குடித்தது. உப்பை அள்ளிக் கொட்டிப் பார்த்தார்கள். கரியின் துளையெல்லாம் அடைபட்டுக் கற்கண்டு மாதிரி இறுகி, கேஸைக் குடித்ததும் வீங்கிக் கூடையையே பிளந்தது. உப்பைக் குறைத்தார்கள், போதவில்லை. கடைசியில், நீர்த்த உப்புத்தண்ணீரில் ஊறவைத்து வறுத்து, மறுபடி ஊறவைத்து வறுத்து, துளை அடைபடாமல் உள்ளே மட்டும் உப்புப் படிகிற பக்குவத்தை மதினி பிடித்துவிட்டார். சீனிப்பாகு காய்ச்சிய கை அல்லவா அது.

இதில் என் பாடுதான் பெரும்பாடு. எனக்கு அப்போது மசக்கை. பக்கத்து வீட்டில் வெங்காயம் உரித்தால் இங்கே வாந்தி வரும். மதினிக்கு அது வாய்ப்பாகப் போயிற்று. ஊறுகாய் ஜாடிக்குள் கொஞ்சம் கேஸை விட்டு, ஒரு பிடிக் கரியைப் போட்டு மூடி வைப்பார். பிறகு என்னைக் கூப்பிட்டு மூடியை ஒரு நூல் அகலம் திறப்பார்.

"மோந்து செல்லு புள்ள. ஈக்கா, இல்லயா?"

"ஈக்கி மதினி! ஈக்கி! என்ன உடுங்க!"

"செரி, இன்னொரு தரம் வறுப்பம்."

அந்த நாட்களில் அவரை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன், மனசுக்குள். என்றாலும் ஒருநாள் அவர் மூடியைத் திறந்து, நான் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய், ஒன்றுமே இல்லாமல், இன்னும் கிட்டப் போய், ஜாடிக்குள் முகத்தையே விட்டும் சிரட்டைக் கரியின் வாசம் மட்டும் வந்தபோது, எனக்கே கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு குதித்தோம். புள்ளத்தாச்சி குதிக்கக் கூடாதென்று பிறகு அவரே என்னை ஏசினார்.

பெரிய இரும்புப் பீப்பா ஒன்றில் அந்தக் கரியை நிரப்பினார்கள். உள்ளே போக ஒரு குழாய். மிஞ்சினால் வெளியேற மேலே ஒரு துளை. குளிர்ந்தால் குடிக்கும், சூடானால் கக்கும் என்பது அடுப்பில் பார்த்த பாடம். ஆகவே ஆலையில் மிச்சமிருந்த ஐஸையெல்லாம் உடைத்துப் பீப்பாவைச் சுற்றி அடுக்கச் சொன்னார் மதினி. மீன்காரர்கள் ஐஸ் இல்லையா என்று வாசலில் கூச்சல் போட்டார்கள். "இண்டைக்கு மீன் நாறட்டும், நாளைக்குப் பாப்பம்!" என்று உள்ளேயிருந்தே கத்தினார்.

இன்ஸ்பெக்டருக்கு மதினியே ஆள் அனுப்பினார். திருட்டுத்தனமாகத் திறந்து பார்க்கலாமே என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். "எதுக்குத் திருட்டு? சீல் வைக்கிறதெண்டா எனக்கு முன்னுக்கு வைக்கட்டும். பள்ளிக்கூடமும் நடக்கட்டும்" என்றார். பயம் இல்லாமல் இல்லை. அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஈரக் கைலேஞ்சியை மூக்கில் கட்டிக்கொண்டு வந்து, ஓடுவதற்கு வசதியாகக் கதவோரமே நின்றார். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சின்னத்துரையர் முழங்காலில் இருந்து ஏதோ திருகிக்கொண்டிருந்தார். நின்று நின்று கால் கடுத்த இன்ஸ்பெக்டர், கைலேஞ்சிக்குள்ளிருந்து கேட்டார்.

"எப்ப தொறக்கிறது?"

"திறந்து அரை மணித்தியாலம் ஆச்சுது, மாத்தயா" என்றார் சின்னத்துரையர்.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. கைலேஞ்சியை ஒரு பக்கம் விலக்கினார். பிறகு அவிழ்த்தே விட்டார். பீப்பாவின் மேல் துளைக்குக் கிட்ட வந்து மோந்தார். "அந்தத் திரிய கொளுத்துங்க" என்றார். கசிவு பார்க்கிற கந்தகத் திரி அது. அமோனியா துளி இருந்தாலும் அதன் புகை வெள்ளை வெளேரென்று பொங்கும். சின்னத்துரையர் திரியைக் கொளுத்தி மூட்டு மூட்டாகக் காட்டினார். கடைசியில் மேல் துளைக்கு நேரே பிடித்தார். மெல்லிய நீலப் புகை மட்டும் நேராக மேலே போயிற்று. வெள்ளை இல்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு அடுத்த எண்ணுக்குப் போயிருந்தது.

"ஹரி!" என்று, சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லித் தொடையில் தட்டிச் சிரித்தார் இன்ஸ்பெக்டர். "அம்மா, நான் சீல் கொண்டுவந்தேன். இனி அது எதுக்கு?"

"வந்தீங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார் மதினி. ஆனால் அவருக்கு அது பாதி வெற்றிதான். கேஸ் இப்போது கரிக்குள் இருக்கிறது. திரும்பி வருமா?

இயந்திரத்தைப் பழுது பார்த்துப் பூட்டினார்கள். பீப்பாவின் மேல் துளையை இறுக அடைத்து, எஞ்சினை ஓட விட்டு, அதன் சூடான புகைக்குழாயைப் பீப்பாவைச் சுற்றி வளைத்தார் சின்னத்துரையர். எல்லோரும் அழுத்தம் காட்டுகிற வட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முள் அசையவில்லை. "கொஞ்சம் பொறுங்கோ" என்றார் அவர். மதினியின் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. முள் லேசாகத் துடித்தது. பிறகு நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து, பழைய நாளில் நிற்கிற இடத்தில் போய் நின்றது. குழாய்களில் மெல்லப் பனி பூத்து வெள்ளையாயிற்று.

"வந்திட்டுது அம்மா! எல்லாம் வந்திட்டுது!" சின்னத்துரையர் சால்வையைத் தலைக்கு மேல் சுழற்றினார். என் கணவர் சிறுபிள்ளை மாதிரி விசிலடித்தார். நான் அழுதேன், சிரித்தேன், என்ன செய்தேன் என்று நினைவில்லை.

மறுநாள் முதல் தகரத்தைத் தூக்கிச் சுடுதண்ணீரில் முக்கிக் கவிழ்த்தார்கள். கண்ணாடி மாதிரி ஓர் ஐஸ் கட்டி மரப்பலகையில் வழுக்கி வந்து நின்றது. மதினி கிட்டப் போனார். முக்காட்டை ஒதுக்கி, குனிந்து, கன்னத்தை அதன் மேல் வைத்தார்.

"குளிரும் ராத்தா" என்றார் என் கணவர்.

"அவர் கொண்டாந்தது" என்றார் மதினி. "போகல்ல. ஈக்கார்."

கணவர் மௌத்தான அன்றுகூட அவர் அழவில்லை என்று எங்கள் சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு அழுதார். கன்னம் பட்ட இடத்தில் ஐஸ் உருகிக் கண்ணீரோடு சேர்ந்து பலகையில் வழிந்தது. எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம். அவர் அழுது முடிக்கட்டும், எத்தனை வருஷத்து அழுகை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கன்னத்தை எடுக்காமல், கண்ணைக்கூடத் துடைக்காமல், அவர் போட்ட சத்தம் எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

"என்னத்தப் பாத்துக்கொண்டு நிக்கிற புள்ள? பானய வை! தண்ணி போகுது!"

ஓடிப்போய்ப் பானையை வைத்தேன்.